மீராவின் தலையும் "எரிஞ்சாத்தான் பிடிக்கும்" மருந்தும்

இன்றைக்கு மகளுக்கு முடி பின்னுவிக்கப் போனோம்.

எந்தப் பின்னல் என்று டீ-பான் ரயிலில் எங்களுக்குள் பெரிய சண்டை! (ரொம்சோஸ் ஸ்டேஷனில் ஏறும்போதே தொடங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த நோர்வேக்காரர் எழும்பி வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.)

என்னைப் புதிதாக வாசிப்பவர்களுக்கு: மகள் பெயர் மீரா, வயது பன்னிரண்டு. நான் யாழ்ப்பாணம். அவளுடைய அப்பா லமின் கம்பியா நாட்டுக்காரர். லமின் இறந்து சில வருடங்களாகிவிட்டன.

மீராவின் தலையில் இருப்பது முழுக்க லமினுடைய முடி. சுருள் சுருளாக, அடர்த்தியாக இருக்கும். நனைந்தால் தோளுக்கு ஏறிவிடும், இழுத்துப் பிடித்தால் இடுப்புக்குக் கிட்ட வரும்.

அந்த மாதிரி முடியைச் சும்மா விட்டால் நுனி உடைந்துகொண்டே போகும். அதனால் பின்னி, நுனியை உள்ளே மறைத்து, சில கிழமைகளுக்குத் தொடாமல் விடுவார்கள். முடியைக் காப்பாற்றுவதற்கென்றே உள்ள பின்னல்.

அவளுக்குத் தலை முழுக்க மெல்லிய நீளப் பின்னல்கள் வேண்டும். எனக்கு மண்டையோடு ஒட்டிப் போகிற வரிப் பின்னல் வேண்டும். அடுத்த மாதம் அவளுக்குச் சாமத்திய வீடு, பெரியபிள்ளையான சடங்கு. வரிப் பின்னல் என்றால் அதற்கு மேலே சடைநாகம் வைத்துப் பூவும் கட்டலாம் அல்லவா? (ஆபிரிக்காவும் எங்கள் ஊர் அளவெட்டியும் ஒரே தலையில்! அதுதான் என் பிளான்.)

சலூனில் மரியாமா என்ற கம்பியாப் பெண்தான் வழமையாகப் பின்னிவிடுவார். மீராவைக் கதிரையில் இருத்தி, தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார். இந்தக் கிழமை முழுக்க அந்தத் துணியை அவள் கழற்றவில்லை, என்னைத் தொடவும் விடவில்லை. வயதுக் கோளாறு என்று நானும் விட்டுவிட்டேன்.

சீப்பின் வாலால் ஒரு வகிடு எடுத்த மரியாமா அப்படியே நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

நெற்றியோரம் இரண்டு பக்கமும் முடியே இல்லை. காதுக்கு மேலே பொருக்குக் கட்டியிருந்தது. அவர் விரல் பட்ட இடத்தில் முடி கையோடு வந்தது.



கேட்கக் கேட்கத்தான் கதை வெளியே வந்தது. போன சனி, ஞாயிறு மீரா புருசெத்தில் என் அக்கா வீட்டில் நின்றாள். "தலைவிரி கோலமாவோ பிள்ளையை மணவறையில இருத்தப்போறாய்?" என்று அக்கா என்னிடம் முதலே கேட்டிருந்தார். நான் சிரித்துவிட்டு விட்டேன். அவர் விடவில்லை. முடி நேராக இருந்தால்தான் சடை பிடிக்கும் என்று ஏதோ கிரீம் வாங்கி, அடிமுடியெல்லாம் பூசியிருக்கிறார்.

எரிகிறது என்று மீரா சொல்லியிருக்கிறாள். அதற்கு அக்கா சொன்னது:

"கொஞ்சம் பொறு பிள்ளை. எரிஞ்சாத்தான் பிடிக்கும்."

இந்த வசனம் இல்லாத வீடு எங்கள் ஆட்களிடம் உண்டா? முழங்கால் உரஞ்சி மருந்து போட்டால், எரியுதோ, அப்ப மருந்து வேலை செய்யுது என்போம். மீராவும் அதைக் கேட்டு வளர்ந்தவள்தான். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அக்காவுக்கு மனம் நோகும் என்று என்னிடமும் மறைத்துவிட்டாள்.

ஏன் உடனே கழுவவில்லை என்று மரியாமா நொஸ்கில், அதாவது நோர்வே மொழியில், கேட்டார். எங்கள் வீட்டில் எரிந்தால் நல்லது என்றுதான் சொல்வார்கள் என்று மீரா நொஸ்கிலேயே பதில் சொன்னாள். வேற்று மொழியில் கேட்டபோது அது எவ்வளவு மொக்குத்தனமாக இருந்தது தெரியுமா!

அவள் கேட்ட பின்னலும் வேண்டாம், நான் கேட்ட பின்னலும் வேண்டாம் என்றார் மரியாமா. பாரம் ஏற்றினால் மிச்சமும் போய்விடும். முதலில் டொக்டரிடம் காட்ட வேண்டும், முடியைக் கட்டையாக வெட்ட வேண்டும். நெற்றியோரம் திரும்ப வளருமா என்று கேட்டேன். தனக்குத் தெரியாது என்றார்.

அதுவரை அழாமல் இருந்த மீரா, வெட்டுவது என்றதும் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டாள்.

முடிதானே, வளரும் என்றேன்.

"நுனியிலதானம்மா அப்பா பின்னிவிட்ட முடி இருக்கு. இனி வளர்றது அப்பா தொடாத முடி."

ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டே லமின் அவளுக்குப் பின்னிவிடுவார். நுனியைக் காப்பாற்றத்தான் இவ்வளவு காலமும் ஒவ்வொரு முறையும் பின்னல், பின்னல் என்று நின்றிருக்கிறாள். நான் அதை ஃபேஷன் என்று நினைத்துச் சண்டை பிடித்தேன். சலூனில் எல்லோருக்கும் முன்னால் அழுதேன். வெட்கம் ஒன்றும் வரவில்லை.

மீரா சொன்னதை நான் நொஸ்கில் சொன்னதும் மரியாமா சீப்பைக் கீழே வைத்தார். பிறகு, அப்படியென்றால் பின்னிவிட்டு வெட்டுவோம் என்றார். பின்பக்கம் இன்னும் பிடித்திருந்த முடியை மட்டும் எடுத்து, இழுக்காமல், தளரத் தளர ஒற்றைப் பின்னலாகப் பின்னினார். இரண்டு முனையிலும் நூலால் கட்டிவிட்டு, மேலே வெட்டினார்.

அதுதான் இன்றைக்கு நாங்கள் தெரிவுசெய்த பின்னல்.

வீட்டுக்கு வந்து அக்காவுக்குப் போன் எடுத்தேன். நல்ல ஏச்சும் பேச்சும் கொடுத்தேன். அவர் அழுதார், உண்மையாகத்தான் அழுதார். அழுது முடித்துவிட்டுச் சொன்னார்:

"அந்தப் பின்னலை எறிஞ்சு போடாதை. சவரிமுடிக்குப் பதிலா அதை வைச்சே சடை கட்டுவம். ஆருக்கும் தெரியாது."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. மீரா கிட்ட வந்து, "அது சவரி இல்லை, பெரியம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குப் போய்விட்டாள்.

சாமத்திய வீட்டை நிற்பாட்டியாயிற்று. அழைப்புக் கிடைத்தவர்கள் குறைநினைக்க வேண்டாம். காரணம் தெரிய வேண்டுமென்றால் என்னிடம் கேளுங்கள், பிள்ளையை வழியில் கண்டு தலையைப் பார்த்து விசாரிக்காதீர்கள்.

பள்ளிக்கூடத்தில் கேட்டால் என்ன சொல்லப்போகிறாய் என்று இப்போதுதான் அவளிடம் கேட்டேன். தானே ஆசைப்பட்டு வெட்டினதாகச் சொல்லப்போகிறாளாம். பெரியம்மாவை ஒருவரும் ஏசிப் பேசக்கூடாதாம்.

சரி, அவள் பேசவேண்டாம். நான் பேசுவேன்.