நான் போடாத கையெழுத்து

மாரிமுத்து சிறையில் கிடந்ததற்கு நானும் ஒரு காரணம்.

அப்போது நான் ஸ்பிரிங்வெளியில் தேயிலைத் தோட்டப் பாடசாலை அதிபர். தோட்டத்து மரத்தை விறகுக்கு வெட்டியதாக அவனைப் பிடித்தார்கள். நீதிமன்றம் பிணை கொடுத்தது. ஆனால் அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் கையெழுத்திட வேண்டும் என்றது. தொழிலாளர் குடியிருந்த லயத்தில் அப்படி யாரும் இல்லை. அவன் மனைவி செல்வி என்னிடம் வந்தாள்.

"நீங்க கையெழுத்துப் போட்டா விட்டுருவாங்க சார். அவரோட அம்மா இழுத்துக்கிட்டுக் கிடக்குறாங்க."

தோட்டத்து ஆளை நம்பிக் கையெழுத்திட எனக்கு மனம் வரவில்லை. "லீவு முடிஞ்சு வந்து பாப்பம், பிள்ளை" என்று சொல்லிவிட்டு என் ஊரான யாழ்ப்பாணம் போய்விட்டேன்.

நான் திரும்பிய அன்று அந்தத் தாயை அடக்கம் செய்தார்கள். சிறைக்காவலர்கள் மாரிமுத்துவைக் கூட்டிவந்திருந்தார்கள். கைவிலங்கோடுதான் அவன் குழியில் மண் போட்டான். பின்னர் குற்றமில்லை என்று விடுதலையானான்.

அண்மையில் அவர்களுடைய மகனையும் பிடித்து, வழக்கு முடியும்வரை விளக்கமறியலில் வைத்தார்கள். கேள்விப்பட்டதும் யாரும் கூப்பிடாமலே பிணைக்குக் கையெழுத்திடப் பதுளை நீதிமன்றத்துக்குப் போனேன். சேவையில் இருப்பவர்தான் வேண்டும், ஓய்வு பெற்றவர் கூடாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வெளியே செல்வி நின்றாள். என்னைக் கண்டதும் ஓடி வந்தாள்.

"போட்டாச்சுங்களா சார்?"

இரண்டாவது தடவையும் அவளிடம் இல்லையென்று சொல்ல வேண்டியதாயிற்று.