மார்கழியில் கிளம்பாத வக்கீல் கார்

பழைய கார் ரிப்பேர் செய்பவனுக்கு மார்கழி மாதம் பொல்லாதது. ஊரே விடியற்காலையில் எழுந்து குளித்துவிடும், கார் மட்டும் எழுந்திருக்காது. சோக்கை இழுத்து இழுத்துக் கை ஓய்ந்துபோன உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஐம்பதுகளின் கடைசியில் திருவானைக்காவலில் ஷெட் போட்டிருந்தேன். வீடும் ஷெட்டுக்குப் பின்னாலேயே. அந்த வருஷம் மார்கழி முழுக்க என் பிராணனை வாங்கியவர் ஸ்ரீரங்கம் சித்திர வீதி வக்கீல் ஒருவர். அவருடைய மகள் பத்மா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். வலி கண்டால் காவிரிப் பாலம் தாண்டித் திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். தன் காரில்தான் அழைத்துப்போவேன் என்று பிடிவாதமாக இருந்தார். கார் அந்தப் பிடிவாதத்துக்கு ஒத்துழைக்கவில்லை.

மூக்கு முட்டப் பெட்ரோல்

முதல் தடவை ஆள் அனுப்பினார். போய் பானெட்டைத் திறந்தால் பெட்ரோல் வாடை முகத்தில் அடித்தது. பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் சோக்கை முழுசாக இழுத்துவிட்டு, ஆக்ஸிலேட்டரை அவர் மிதித்து, அவர் வீட்டு மாமி மிதித்து, பால்காரர்கூட ஏறி மிதித்திருக்கிறார். பிளக்குகள் நாலும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. இனி யாரும் தொடாதீர்கள், கால் மணி நேரம் சும்மா விட்டால் தானாகக் காயும் என்றேன். வக்கீலுக்கு மனசே ஆகவில்லை.

"சும்மா இருக்கறதுக்கா உன்னைக் கூப்பிட்டேன், சூசை?"

தினசரி ஒத்திகை

அதற்கப்புறம் வக்கீல் உஷாராகிவிட்டார். தினமும் விடிந்ததும் காரைக் கிளப்பிப் பார்ப்பார். அது உறுமியதும் திருப்தியாக அணைத்துவிட்டுக் காப்பி சாப்பிடப் போய்விடுவார். ஒரு வாரத்தில் பேட்டரி செத்துவிட்டது, பிளக்கில் அடுப்புக்கரி மாதிரி கரி. எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "சார், கிளப்பினா கொள்ளிடம் வரைக்குமாவது ஒரு நடை ஓட்டிட்டு வாங்க. இஞ்சின் சூடாகணும், பேட்டரி ஏறணும்" என்று கெஞ்சினேன். அவர் என்னை எதிர்க்கட்சி சாட்சியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"எழுந்திருக்கறதான்னுதானே பார்த்தேன்? எங்கேயாவது போகணும்னு நான் சொல்லலையே!"

பஜனை கோஷ்டி

பேட்டரி சார்ஜுக்குப் போயிருந்த நாட்களில் இரவல் பேட்டரி ஒன்றை மாட்டியிருந்தேன். அதற்குத் தெம்பு போதாது, தள்ளித்தான் கிளப்பவேண்டும். விடியற்காலை வீதியில் வந்த பஜனை கோஷ்டியை வக்கீல் நிறுத்திவிட்டார். பாவம், ஜால்ராவை இடுப்பில் செருகிக்கொண்டு, பாட்டையும் விடாமல், வீதி முனை வரை தள்ளினார்கள். கார் முனகக்கூட இல்லை. நான் எட்டிப் பார்த்தேன். சாவி வக்கீலின் பூணூலில் தொங்கிக்கொண்டிருந்தது. கோஷ்டித் தலைவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"நாளைக்கு நாங்க அடுத்த வீதியா போறோம், ஸ்வாமி."

கார் வைத்த பரஸ்தானம்

பிரசவம் நெருங்கிய வாரத்தில் பஞ்சாங்கம் பார்த்திருக்கிறார். பிரயாணத்துக்கு நாள் சரியில்லை. இதற்குத்தான் பரஸ்தானம் இருக்கிறதே! நல்ல வேளையில் பெட்டியையோ துணியையோ வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பெட்டி எதற்கு என்று வக்கீல் காரையே கொண்டுபோய் வைத்துவிட்டார், வடக்கு வாசலில் ஒரு சிநேகிதர் வீட்டு வெட்டவெளியில். ராத்திரி முழுக்கக் கொள்ளிடத்துப் பனி அதன் தலையில் இறங்கியது.

விடியும்போது பத்மாவுக்கு வலி எடுத்துவிட்டது. கார் அசையவில்லை. என்னை அழைத்துவர ஒரு ஜட்காவை அனுப்பினார். நான் வாரிச்சுருட்டிக்கொண்டு ஏறினேன். அது என்னை நேரே வடக்கு வாசலில் கார் பக்கத்தில் இறக்கிவிட்டது. பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் மூடியைக் கழற்றினால் உள்ளே முத்து முத்தாகத் தண்ணீர். என் துண்டால் துடைத்து, சிநேகிதர் கொண்டுவந்த குமுட்டி அடுப்பில் காட்டி, மாட்டிவிட்டு ஹாண்டிலைச் சுற்றினேன். கார் கர்ஜித்தது. வக்கீல் என்னைக் கட்டிக்கொண்டார்.

பறந்துபோய்ச் சித்திர வீதியில் நின்றால் வீட்டில் பூட்டு. என்னை இறக்கிவிட்டுத் திரும்பிய ஜட்காவை மாமி வாசலிலேயே மறித்து, மகளை ஏற்றிக்கொண்டு எப்போதோ போய்விட்டாளாம், எதிர்வீட்டில் சொன்னார்கள். பாலம் தாண்டி விரட்டிக்கொண்டு போனால், ஆஸ்பத்திரி வாசலில் அந்தக் குதிரை நிம்மதியாகப் புல் தின்றுகொண்டிருந்தது. "இஞ்சினை அணைச்சுடாதே சூசை!" என்று கத்திக்கொண்டே வக்கீல் உள்ளே ஓடினார். நான் ஆக்ஸிலேட்டரில் காலை வைத்தபடி மாதாவை வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்து, கண் கலங்கி, முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். பெண் குழந்தையாம், இரண்டு பேரும் சுகம்.

"குழந்தையை மடியில வச்சுண்டு பத்மா கேக்கறா, சூசை: 'அப்பா, கார் கிளம்பிடுத்தா?'"

குளிரில் பழைய காரைக் கிளப்ப எனக்குத் தெரிந்த உபாயங்களில் இன்றுவரை பொய்க்காதது, அது யாருக்கும் தேவைப்படாத நேரம் வரும்வரை பொறுத்திருப்பதுதான்.