மாதக் கடைசியில் வருவது

காலை ஏழு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது மாலிபுவோ வந்து ஆலைக் கதவுக்கு எதிரே ஒரு வாளியைக் கவிழ்த்து உட்காருவார். இன்னொரு வாளியில் எண்ணெயில் பொரித்த மாவு உருண்டைகள், மேலே ஈரத்துணி. கழுத்தில் ஆலை கொடுத்த அடையாள அட்டை. ஆலை மூடி ஏழு மாதம் ஆகியிருந்தது. அட்டையிலிருந்த படம் மழையில் நனைந்து, முகம் இருந்த இடத்தில் நீலமாக ஏதோ இருந்தது. ஏழு மணிக்குப் பிறகு யார் வந்தாலும் கேட்பார்: "இதுதான் வர்ற நேரமா?"

வந்தவள் வேலைக்கு வரவில்லை, மாவு உருண்டை வாங்க வந்திருக்கிறாள். இருந்தாலும், "மன்னிச்சுக்குங்கம்மா, டாக்சி கிடைக்கல" என்பாள்.

விற்பனை ஒரு சாக்கு. அவர் செய்தது காவல். முதலாளி ஒரு வெள்ளிக்கிழமை மாலை எல்லோரையும் போலக் கையசைத்துவிட்டுப் போனார். திங்கட்கிழமை கதவில் பூட்டு தொங்கியது. கைபேசி எடுக்கவில்லை. ஆற்றுக்கு அக்கரையில், அடுத்த நாட்டில், அவருக்கு ஒரு வீடு இருப்பதாகச் சொன்னார்கள். மிச்சம் இருந்தவை உள்ளே பூட்டிக்கிடந்த தையல் இயந்திரங்கள் மட்டும். கடைசி இரண்டு மாதச் சம்பளம் என்றாவது வர வேண்டுமென்றால் அந்த இயந்திரங்களை விற்றுத்தான் வர வேண்டும். அவை ராத்திரியில் போகாமலிருக்கப் பக்கத்துக் கடைக் காவலாளிக்கு மாவு உருண்டை. பகலில் போகாமலிருக்க மாலிபுவோ.

"லாரி வந்தா டயருக்கு முன்னால உக்காந்துருவேன். எங்க உக்காந்தா எனக்கு என்ன, வாளி இருக்கு."

ஒருமுறை லாரி வந்தது. சொன்னபடியே உட்கார்ந்தார். பக்கத்து மனைக்குச் செங்கல் கொண்டுவந்த லாரி அது. விவரம் தெரிந்ததும் எழுந்து, தோளில் போர்த்தியிருந்த கம்பளியைச் சரிசெய்து மறுபடி ஊக்குக் குத்திக்கொண்டார். ஓட்டுநர் நாலு உருண்டை வாங்கிக்கொண்டு போனார். "தள்ளுபடி கிடையாது" என்று அவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டார்.

ஆலையில் அவர் ஜீன்ஸுக்கு பெல்ட் வளையம் தைக்கும் வரிசையின் தலைவி. அவரையும் சேர்த்து நாற்பத்தாறு பெண்கள். பதினெட்டு வருடம் அதே வரிசை. அதனால் மனிதர்களை அவர் பின்பக்கத்திலிருந்துதான் முதலில் பார்ப்பார். தேவாலயத்தில், வங்கி வரிசையில், சாவு வீட்டில், முன்னால் நிற்பவரின் இடுப்பை எண்ணுவார். வளையம் ஐந்து இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் விரலை உள்ளே விட்டு இழுத்தும் பார்ப்பார். மாபுட்சோ நகரத்தில் பல ஆண்கள் இதற்குத் திடுக்கிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். "ஒன்னுமில்ல ஐயா, தையல் நல்லாருக்கு. நம்ம ஆலை இல்ல" என்று சமாதானம் சொல்வார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. சம்பளச் சீட்டை வாங்கும்போது அதன் மேல் வரியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொள்வார். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், எவ்வளவு வாங்குகிறார் என்று மற்றவர்களுக்குத் தெரியக்கூடாதென நினைக்கிறார் என்று எண்ணுவார்கள். அவர் மறைத்தது தொகையை அல்ல, தலைப்பை.

எங்கள் மொழியில் சம்பளம் கொடுப்பதற்கு, கொடுக்க வேண்டியதைக் கொடுத்துத் தீர்ப்பதற்கு, தெஃபோ என்று சொல்வோம். அவருடைய மாமனார் பெயரும் தெஃபோ. கல்யாணமாகி வந்த பெண் மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது. அந்தப் பெயர் எந்தச் சொல்லுக்குள் இருந்தாலும் அதையும் சொல்லக் கூடாது. இப்போது பலர் இதை விட்டுவிட்டார்கள். மாலிபுவோ விடவில்லை. கடையில் 'தெஃபோ இங்கே' என்று பலகை தொங்கும் மேசைக்கு வழி கேட்க, "இந்தச் சாமானையெல்லாம் நம்முதாக்குற மேசை எங்க இருக்கு?" என்பார். அக்கா மகன் ஒருவனுக்கும் அதே பெயர். ஒன்பது வயதுப் பையனை அவர் "பெரியவரே" என்று கூப்பிடுவார். சம்பளத்துக்கு அவர் வைத்திருந்த பெயர் 'மாதக் கடைசியில் வருவது'. கல்யாணமான நாளிலிருந்து, இருபத்தாறு வருடமாக அதுதான். வரிசையில் மற்றவர்களும் அவரிடம் பேசும்போது அப்படியே சொல்லப் பழகியிருந்தார்கள்.

அவருடைய பெயருக்குப் பேச்சுகளின் தாய் என்று பொருள். இதைப் பற்றி அவர் எதுவும் சொன்னதில்லை.

ஆலை மூடுவதற்குப் பத்து நாள் முன்பு, வரிசைக்காக அவர் நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். நல்ல கையெழுத்து. "மாதக் கடைசியில் வருவது இரண்டு மாதமாக வரவில்லை. எங்களுக்கு வீடு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். உடனே தரவும்." நாற்பத்தாறு பேரும் படித்துவிட்டுக் கையெழுத்திட்டார்கள். அலுவலகம் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டது. ஆலை மூடியதும் பெண்கள் நடுவர் மன்றத்துக்குப் போனார்கள். அந்த இரண்டு மாதத்துக்கும் சீட்டு இல்லை, பதிவேடும் இல்லை. பணமாகக் கையில் கொடுத்துவிட்டோம் என்றது முதலாளி தரப்பு. கொடுக்கவில்லை என்பதற்குப் பெண்களிடம் இருந்தது இந்த ஒரு காகிதம்தான். அதில் சம்பளம் என்ற சொல் இல்லை என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்கள் படித்தபோது அது அங்கே இருந்தது.

இதைக் கண்டுபிடித்தவர் அக்கரையிலிருந்து வந்த முதலாளியின் வழக்கறிஞர். மாதக் கடைசியில் ஆலை ஆளுக்கு ஒரு மூட்டை சோளமாவு கொடுப்பது வழக்கம். கடைசி இரண்டு மாதம் அதுவும் கொடுக்கப்படவில்லை. ஆகவே கடிதம் மாவைப் பற்றியது என்றார் அவர். மாவு தராதது தவறு என்று முதலாளி வருந்துகிறார்; ஆளுக்கு இரண்டு மூட்டை உடனே தரத் தயார்.

இந்தச் செய்தி கதவருகே வந்தபோது நான் உருண்டை வாங்கிக்கொண்டிருந்தேன். மாபலேசா, வரிசையில் மாலிபுவோவுக்கு அடுத்த இயந்திரத்தில் இருந்தவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு அழுதார்.

"அக்கா, உங்க மாமனார் மேல இருக்கிற மரியாதைக்கு நாங்க ரெண்டு மூட்டை மாவு திங்கணுமா?"

"என்ன மாவு? வெள்ளையா, மஞ்சளா?"

"அக்கா!"

"கேக்குறேன். மஞ்சள்னா மாட்டுக்குப் போடுறது. அதையும் வாங்கக் கூடாது."

நடுவர் மன்றத்தில் மொழிபெயர்ப்பது என் வேலை. விசாரணைத் தேதி வந்ததும், ஒரு பக்கம் சாய்ந்ததாகத் தோன்றக் கூடாதென்று உருண்டை வாங்குவதை நிறுத்தினேன். காலையில் கதவைத் தாண்டும்போது அவரும் என்னைப் பார்க்கவில்லை.

விசாரணைக்கு முந்தைய வாரம் மாமனாரே சொல்லிப் பார்த்தாராம். சுரங்கத்தில் முப்பது வருடம் இருந்து காது மந்தமானவர். "மருமகளே, நான் ஒன்னும் நெனச்சுக்க மாட்டேன். நாப்பத்தாறு வீட்டுச் சோறு. சொல்லிரும்மா."

"நீங்க நெனச்சுக்க மாட்டீங்க ஐயா. என் நாக்கு நெனச்சுக்கும்."

விசாரணை அன்று மாலிபுவோ மாமனாரையும் கூட்டிவந்து பின் பெஞ்சில் உட்காரவைத்திருந்தார். கம்பளி, கூம்பு வைக்கோல் தொப்பி, இரண்டு கைக்கும் நடுவே தடி. இலவசத் தேநீருக்காக வந்திருப்பார் என்று மாபலேசா நினைத்தார்.

வழக்கறிஞர் கடிதத்தை மேசைமேல் வைத்துக் கேட்டார். அவர் சொன்னதை நான் எங்கள் மொழிக்கும், மாலிபுவோ சொன்னதை ஆங்கிலத்துக்கும் மாற்றிக்கொண்டிருந்தேன்.

"நீங்க மாவைத்தானே கேட்டீங்க?"

"மாவுக்கு எதுக்குய்யா நாப்பத்தாறு கையெழுத்து?"

"அப்ப எதைக் கேட்டீங்க?"

"வேலை செஞ்சதுக்கு வர்ற பணத்த."

"அத இன்னிக்குச் சொல்றீங்க. அன்னிக்கு ஏன் எழுதல? அதுக்கு உங்க மொழியில ஒரு சொல் இருக்குல்ல?"

"இருக்கு."

"என்ன சொல்?"

மாலிபுவோ பின் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்.

"சொல்லுங்கம்மா."

"என்னால சொல்ல முடியாது."

"ஏன் முடியாது?"

"அது ஒருத்தர் பேரு."

"யாரு பேரு?"

"என் வீட்டுக்காரரோட அப்பா பேரு."

"சரி. அவர் பேரு என்ன?"

கோணலாக வெட்டிய துணியைப் பார்ப்பதுபோல் மாலிபுவோ அவரைப் பார்த்தார். "அதத்தானேய்யா இவ்வளவு நேரமா சொல்ல முடியாதுன்னு சொல்லிக்கிட்டிருக்கேன்."

பின் பெஞ்சுகளில் சிரிப்பு எழுந்தது. நடுவர் மொகோசி பென்சிலால் மேசையைத் தட்டினார். அவரும் எங்கள் ஊர்க்காரர்தான். அவர் மனைவியும் மாமனாரை 'மேல வீட்டுக்காரர்' என்றுதான் சொல்வார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சாட்சி சொல்லாததைப் பதிவில் அவர் எழுத முடியாது, நானும் சேர்க்க முடியாது. அவர் என்னைப் பார்த்தார். நான் என் காகிதத்தைப் பார்த்தேன்.

"நான் சொல்றேன்யா அந்தப் பேர!" என்று மாபலேசா எழுந்தார்.

"நீங்க சாட்சி இல்லம்மா. உக்காருங்க."

"சம்பளம் கேக்க வந்தவங்க சம்பளம்ங்கிற சொல்லையே சொல்ல மாட்டேங்கிறாங்க" என்றார் வழக்கறிஞர் நடுவரிடம். "இத நம்பச் சொல்றாங்க. இந்த இடத்துலயே நான் முடிச்சுக்கிறேன்."

மாலிபுவோ எழுந்து நின்றார். தலைத்துணியை நெற்றி வரை இழுத்துவிட்டுக்கொண்டார். பின் பெஞ்சுப் பக்கம் திரும்பி, குனிந்து, விரல் நீட்டாமல், இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் கிழவரை நோக்கி நீட்டினார்.

கிழவர் தேநீர் வந்துவிட்டதா என்று இரண்டு பக்கமும் பார்த்தார்.

"ஐயா, எந்திரிங்க" என்றார் நடுவர். "உங்க பேரு என்ன?"

"என்னது?"

"பேரு! உங்க பேரு!"

அவர் தடியை ஊன்றி எழுந்தார். தொப்பியைக் கழற்றினார். சுரங்கத்தில் பெயர் கூப்பிடும்போது பதில் சொல்லிப் பழகிய குரலில், தகரக் கூரை அதிரச் சொன்னார்: "தெஃபோ!"

நடுவர் அவருடைய அடையாளப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். சாட்சிக்கு இவர் என்ன உறவு என்று கேட்டு, எழுத்தெழுத்தாகக் குறித்துக்கொண்டார். வழக்கறிஞர் என் பக்கம் திரும்பினார். பெயர்களை மொழிபெயர்க்கக் கூடாது என்பது எங்கள் விதி. அன்று மொழிபெயர்த்தேன்.

வழக்கறிஞர் தன் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார், அடித்தார். மாவு மூட்டையைப் பற்றி அதன் பிறகு அவர் பேசவில்லை. காகிதங்களை எடுக்க அவர் குனிந்தபோது மாலிபுவோ என்னிடம், "அந்த ஐயாகிட்ட ஒன்னு சொல்லும்மா" என்றார்.

"என்ன சொல்லணும்?"

"பின்னால நடு வளையம் ஒரு நூல்ல தொங்குது. எங்கிட்ட ஊசி இருக்கு."

அதையும் மொழிபெயர்த்தேன். பதிவில் இருக்கிறது.

தீர்ப்பு பெண்கள் பக்கம் வந்து, இயந்திரங்கள் ஏலம் போக இன்னும் ஐந்து மாதம் பிடித்தது. அதுவரை வாளி அதே இடத்தில் இருந்தது. ஏலம் எடுத்தவரின் லாரி வந்த அன்று மாலிபுவோ எழுந்து வழிவிட்டு, ஏற்றிய இயந்திரங்களை ஒவ்வொன்றாக எண்ணினார். தன்னுடையது ஏறியபோது மட்டும், "மிதிக்கட்டை இறுக்கமா இருக்கும், பாத்து" என்று ஏற்றியவனிடம் சொன்னார். வர வேண்டியதில் மூன்றில் இரண்டு பங்கு தேறியது.

பணம் கொடுத்தது தேவாலயத்தின் பக்கத்திலிருந்த கூடத்தில். ஒரு மேசை, ஒரு குமாஸ்தா, ஒரு பதிவேடு. நாற்பத்தைந்து பெண்களையும் வரிசையாக நிறுத்தி அனுப்பிவிட்டு மாலிபுவோ கடைசியாக வந்தார். எல்லோரையும் ஒருமுறை பின்னாலிருந்து பார்த்திருப்பார். உறையை வாங்கி, திரும்பி நின்று எண்ணி, கம்பளிக்குள் வைத்துக்கொண்டார். குமாஸ்தா பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினார். தாளின் உச்சியில் அந்தச் சொல் பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது.

"கைய எடுங்கம்மா" என்றார் குமாஸ்தா. "தாள் பறக்காது, ஜன்னல் சாத்தியிருக்கு."

"பரவால்ல ஐயா" என்ற மாலிபுவோ, இடது உள்ளங்கையைத் தலைப்பின்மேல் அழுத்தி வைத்தபடியே வலது கையால் கையெழுத்துப் போட்டார்.