வாடை போன பிறகு

போன கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், தூத்துக்குடி துறைமுகத்துக்குப் பக்கத்தில் என் மகள் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் நடந்தது இது. நான் நாசரேத்தில் பள்ளி ஆசிரியர். பண்டிகைக்கு வர முடியாது என்று அவள் சொன்னதும், முந்திரிக்கொத்தைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். பலகாரம் ஒரு சாக்குதான். அந்த வேலையை விட்டுவிடச் சொல்லத்தான் போனேன்.

இரும்புத் தாதுப் பொடியை உருண்டைகளாக்கிச் சுடுவதற்கு முன் அதிலுள்ள கந்தகத்தை எடுத்துவிட வேண்டுமாம். பொடியைத் தண்ணீரில் கரைத்து, அமிலமும் மருந்தும் சேர்த்துக் காற்றை ஊதினால், கந்தகம் கலந்த துகள்கள் நுரையோடு மேலே வந்துவிடும். அதைச் சோதித்துப் பார்ப்பதுதான் அவள் வேலை. அப்போது கிளம்பும் வாயுவால், ஊருக்கு வரும்போதெல்லாம் அவள் துணிகளில் அழுகிய முட்டை வாடை அடிக்கும். அது என்ன விஷமோ என்று எனக்குப் பயம்.

என்னை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு அவள் கை கழுவப் போனாள். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். பிள்ளை வேலை செய்யும் இடத்தைக் கண்ணால் பார்த்துவிடலாமே என்று உள்ளே நுழைந்தேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. வாயுவை வெளியே இழுக்கும் விசிறியும் நின்றது. வாடை குப்பென்று ஏறியது. மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் வாடை அடியோடு போய்விட்டது. அப்பாடா என்றிருந்தது.

மகள் தேடி வந்து எட்டிப் பார்த்தாள். “வாடை போயிட்டும்மா” என்றேன், சிரித்துக்கொண்டே.

அவள் முகம் வெளிறியது. மூச்சை அடக்கிக்கொண்டு பாய்ந்து வந்து, என் சட்டையைக் கொத்தாகப் பிடித்து வெளியே இழுத்தாள். அவள் கோட்டில் மாட்டியிருந்த, வாயுவை அளக்கும் சின்னக் கருவி விடாமல் அலறியது. காற்று வரும் பக்கமாக என்னை உட்கார வைத்தபோது என் கால்கள் எனக்குச் சொந்தமாக இல்லை. யாரும் உள்ளே போகாதபடி காவலாளியை நிறுத்திவிட்டு என்னிடம் ஓடி வந்தாள்.

“வாடை போகலப்பா. வாயு கூடுனா மூக்கு செத்துரும். அடுத்தது ஆளுதான்.”

ஆஸ்பத்திரி போகும் வழியெல்லாம் என் மணிக்கட்டை அவள் விடவேயில்லை. இனி பயமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அழுதாள். அழுதுகொண்டே கேட்டாள்: “ஒங்க கிளாஸ் பிள்ளைய வெளிய நில்லுன்னா நிக்கும்லா? நீங்க ஏம்ப்பா நிக்கல?”

சொல்லப் போன விஷயத்தை நான் சொல்லாமலே திரும்பினேன். பயம் இன்னும் போகவில்லை. ஆனால் அந்த அறையில் எதற்குப் பயப்பட வேண்டும் என்று என் மகளுக்கு நன்றாகத் தெரியும் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் தினமும் ராத்திரி கண்ணை மூடுகிறேன்.