பெட்டிக்காரர் வராத படம்

என் பையிலிருந்த பேண்டேஜ் சுருளைக் கேட்காமலே எடுத்து, வலது கையின் விரல்கள் மூன்றைச் சேர்த்துச் சுற்றிக்கொண்டிருந்தார் ஸ்கேல் அம்மா. ஒரு முனையைப் பல்லால் கடித்துப் பிடித்திருந்தார். சுற்று கோணலாக இருந்தது. முடிச்சு விழ வேண்டிய இடத்தில் விழவில்லை.

"அடி பட்டுச்சா?" என்றேன்.

"இல்லக்கா. கொஞ்சம் அடங்கட்டும்னுதான்."

விரல்களை அடக்குவது அன்றைய திட்டம். கட்டுப் போட்ட கையால் மெல்லிய பிரஷ்ஷைப் பிடிக்க முடியாது. தடியான பிரஷ்ஷை உள்ளங்கையில் திணித்துத் துடைப்பம் மாதிரி வீசலாம். வீசினால் படம் இறுக்கமில்லாமல் வரும் என்று கணக்கு. நான் அதை அவிழ்த்துச் சரியாகக் கட்டிவிட்டேன். ரத்தம் ஓட வேண்டுமே. மத்தியானம் வந்து பார்த்தபோது கட்டு நான் போட்டபடியே இருந்தது. அவர் இடது கையில் பல்குச்சியை வைத்துக்கொண்டு, படத்தில் எங்கோ தூரத்தில் இருந்த ஒரு வீட்டுக்கு ஜன்னல் கம்பி போட்டுக்கொண்டிருந்தார்.

ஸ்கேல் அம்மா வீட்டுக்கு நான் போவது அவருடைய கணவருக்காக. காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு மட்டும் சீக்கிரம் திரும்பிவிட்டது. குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, தாங்கிப் பிடித்து ஜன்னல் வரை நடத்துவது என் வேலை. மூன்றாவது மாடியில் ஒரு பெரிய அறை, ஒரு சமையலறை. ஜன்னலோரம் டிரைவரின் கட்டில். எதிர்ச் சுவரில் ஸ்கேல் அம்மாவின் மேசை. நடுவில் என் நாற்காலியும் தண்ணீர் பேசினும். மறைப்பு எதுவும் கிடையாது, அதனால் அவர் போடும் படங்களையெல்லாம் நானும் பார்த்தாக வேண்டியிருந்தது. எனக்குப் படங்களைப் பற்றித் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதப் போவதும் இல்லை.

ஸ்கேல் என்பது அவர் வேலை பார்த்த கட்டட கம்பெனியில் வைத்த பெயர். கட்டப்போகும் கட்டடம் கட்டி முடித்தால் எப்படி இருக்கும் என்பதை முன்கூட்டியே வண்ணத்தில் வரைந்து தருவது அவர் வேலை. மாடி, பால்கனி, வாசலில் செடி, செடிக்கு நிழல், வானத்தில் அளவோடு மேகம். எந்தக் கோடும் ஸ்கேல் தொடாமல் விழாது. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. "நல்லதுதான்க்கா, முதுகு தப்பிச்சுது" என்கிறார். அந்தப் படங்களில் இவர் பெயர் இருந்ததில்லை. ஏன் என்று கேட்டால் சிரிக்கிறார். "கீழ கொஞ்சம் எடம் மிஞ்சும்க்கா. சும்மா கெடக்கேன்னு ஒரு செடிய வச்சிருவேன்."

அந்தப் படங்களில் தவறாமல் வரும் ஆள் ஒருவர் உண்டு. கட்டடம் எவ்வளவு உயரம் என்று பார்க்கிறவர்களுக்குப் புரிய ஒரு மனிதன் தேவை. இவர் வரைவது எப்போதும் ஒரே மனிதன். வெள்ளைச் சட்டை, சாம்பல் நிறக் கால்சட்டை, முகம் கிடையாது, இடது கையில் ஒரு பெட்டி, வாசலைப் பார்த்து நடை. பெட்டி ஏன் இடது கையில் என்றேன். "வலது கையால கதவத் தொறக்கணுமில்ல?" என்றார், இதுகூடத் தெரியாதா என்கிற பார்வையோடு. டிரைவர் அவருக்குப் பெட்டிக்காரர் என்று பெயர் வைத்திருந்தார்.

வேலையை விட்ட பிறகுதான் சிக்கல். இனி கட்டடம் வேண்டாம், ஏரி, மேடு, வானம் என்று போடலாம் என்று ஆரம்பித்தார். காலையில் பார்த்தால் ஏரி நன்றாகத்தான் இருக்கும், ஈரமும் பச்சையுமாக. சாயங்காலம் பார்த்தால் ஒவ்வொரு இலையும் தனித்தனியாக நிற்கும், கரை ஸ்கேல் வைத்த மாதிரி நேராகியிருக்கும், அந்தக் கரையில் பெட்டிக்காரர் நடந்துகொண்டிருப்பார்.

"வந்துட்டாரா?" என்பார் டிரைவர் படுக்கையிலிருந்து.

"வந்துட்டாருங்க" என்பார் இவர், குற்றம் செய்தவர் குரலில்.

"ஏரிக்குள்ள எந்த ஆபீஸ்டி இருக்கு அவருக்கு?"

பிறகு பொருளே இல்லாத படம் போடுகிறேன் என்றார். வெறும் நிறம், வேறு எதுவும் கிடையாது. மஞ்சளையும் சாம்பலையும் குழைத்துப் பலகை முழுக்கப் பூசினார். டிரைவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது எந்த ஸ்டாப்புன்னு சொல்லு, எறங்கிக்கறேன்" என்றார். நான் அவருக்கு முதுகு துடைத்து, பவுடர் போட்டு, சட்டை மாட்டி முடிப்பதற்குள் மஞ்சளுக்கும் சாம்பலுக்கும் நடுவில் ஒரு கோடு வந்துவிட்டது. கோடு வந்தால் அது தொடுவானம். தொடுவானம் இருந்தால் ஒரு மரம் வேண்டும். மரம் இருந்தால் நிழல் விழாமல் எப்படி? நிழல் எவ்வளவு நீளம் என்று தெரிய ஓர் ஆள் வேண்டாமா? பெட்டிக்காரர் வந்து சேர்ந்தார்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டேதான் பார்த்தேன். விஷயம் சிரிப்பல்ல என்று பிறகுதான் தெரிந்தது. தெருக்கோடியில் ஒரு பொது மண்டபம் இருக்கிறது. வட்டார ஓவியர் சங்கம் வருஷம் ஒருமுறை அங்கே கண்காட்சி வைக்கும். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு படம் மாட்ட இடம். போன வருஷம் இவர் ஏரிப் படம் ஒன்றைக் கொண்டுபோயிருக்கிறார். சங்கத்துச் செயலாளர் தாடிக்காரர், கெட்டவர் இல்லை. கிட்டே வந்து பார்த்துவிட்டு, "ரொம்ப நீட்டா இருக்கு மேடம். எப்பக் கட்டி முடிக்கிறாங்க?" என்றாராம். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். வீட்டுக்கு வந்து படத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி அலமாரிக்குப் பின்னால் செருகினார். இன்னும் அங்கேதான் இருக்கிறது. கூட்டும்போது என் துடைப்பத்தில் இடிக்கும்.

"யாரும் குடிபோக முடியாத படம் ஒண்ணு போடணும்க்கா" என்று என்னிடம் சொன்னார். டிரைவருக்குக் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தேன். "இந்தத் தடவையும் அந்தத் தாடிக்காரர் அதையே கேட்டா, பிரஷ்ஷக் கழுவிக் கட்டி மேல போட்டுர்றேன். கோவத்துல சொல்லல. அறுபது வயசுல ஒரு ஆளு எத்தன தடவ தோத்துக்கிட்டே இருக்கறது?"

ஆறுதல் சொல்ல எனக்கு வராது. "கஞ்சி ஆறிடுச்சு, தள்ளுங்க" என்றேன்.

படத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின நாளும் அவரிடம் தயாராக ஒரு படம் இல்லை. காலையிலிருந்து இரண்டு பலகைகளைப் பாழாக்கியிருந்தார். ஒன்றில் ஜன்னல், இன்னொன்றில் வேலி. நான் டிரைவரின் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அது தினமும் நடக்க வேண்டும். ஓட்டிய பஸ்ஸின் பழைய வைப்பர் ஒன்றைக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறார். அதைக் கொண்டுதான் துடைக்க வேண்டும், துணி கூடாது. "கண்ணாடி மங்கலா இருந்தா வண்டிய எடுக்க மாட்டேன்" என்பார். எடுக்க வண்டி இல்லை. அதற்காகக் கண்ணாடியை விடுவதா?

அன்று நான் வைப்பரைக் கீழே வைத்ததும், "அத அவகிட்ட குடுங்க" என்றார்.

"எதுக்கு?"

"அதுல ஜன்னல் வரைய முடியாது."

ஸ்கேல் அம்மா வைப்பரை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். ரப்பர் விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார். மூலையில் சாய்த்து வைத்திருந்த கடைசிப் பலகை ஏற்கெனவே மஞ்சள் பூசிக் காய்ந்திருந்தது. அதன்மேல் ஓரமாகச் சாம்பலும் நீலமும் தாராளமாக ஊற்றினார். பிறகு வைப்பரை இரண்டு கையாலும் பிடித்து, தோளிலிருந்து ஒரே இழுப்பு. இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை. முப்பது வருஷம் மணிக்கட்டால் மட்டும் வேலை செய்தவர் தோளை அசைத்து நான் பார்த்தது அன்றுதான். இரண்டாவது இழுப்பு, மேலே. மூன்றாவது கொஞ்சம் சரிந்தது.

ரப்பரில் ஓரிடம் காய்ந்து கெட்டியாகப் புடைத்திருந்தது. அது போன வழியெல்லாம் நீலம் ஒட்டாமல், அடியிலிருந்த மஞ்சள் நூலாகத் தெரிந்தது. மழை வரப்போகும்போது தூரத்தில் தண்ணீர் மட்டும் வெளிச்சமாகத் தெரியுமே, அது மாதிரி. அல்லது அது வெறும் மஞ்சள் கோடு. எப்படிச் சொன்னாலும் சரிதான்.

"ஐயய்யோ, கோடு விழுந்திருச்சு" என்றார். அவர் வலது கை தானாகவே மெல்லிய பிரஷ்ஷுக்குப் போனது. பாதி வழியில் இடது கை வந்து அதன் மணிக்கட்டைப் பிடித்தது. அப்படியே நின்றார், தன் கையைத் தானே பிடித்துக்கொண்டு.

வழக்கமான கேள்வி வரும் என்று நான் கட்டிலைப் பார்த்தேன். டிரைவர் எந்த ஸ்டாப் என்று கேட்கவில்லை. தலையணையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். "நிறுத்து" என்றார். "ஸ்டாப் வந்திருச்சு."

"நிஜமாவா சொல்றீங்க?"

"பிரேக்குல கால வைடி, பேச்ச அப்புறம் வச்சுக்கலாம்."

ஸ்கேல் அம்மா என்னைப் பார்த்தார். "அக்கா, சின்ன பிரஷ் எல்லாத்தையும் உங்க பையில போட்டு எடுத்துட்டுப் போயிருங்க. நான் கேட்டாலும் குடுக்காதீங்க."

சர்க்கரை வியாதிக்காரர்கள் வீட்டில் இனிப்பு டப்பாவை எடுத்து ஒளித்துவைத்துப் பழகியவள் நான். சின்ன பிரஷ்களை ஒன்று விடாமல் துண்டில் சுற்றினேன். பல்குச்சி டப்பா, பேனாக்கள், ஸ்கேல் எல்லாவற்றையும் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவிக்குப் பக்கத்தில் அடுக்கினேன். சாயங்காலம் கிளம்பும்போது படிக்கட்டு வரை பின்னாலேயே வந்தார்.

"அக்கா, அந்த ரொம்பச் சின்னது ஒண்ணு மட்டும்."

"எதுக்கு?"

"கையெழுத்துப் போட."

"தடியான பிரஷ்ல போடுங்க."

"பேரு பெருசா வந்திருமேக்கா."

"வரட்டும்" என்று இறங்கிவிட்டேன். பாதிப் படியில்தான் முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் இருந்த புருவப் பென்சில் ஞாபகத்துக்கு வந்தது. திரும்பி ஏற முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை கதவைத் திறந்ததும் டிரைவர் வாயில் விரலை வைத்துக் காட்டினார். சமையலறையில் தண்ணீர் ஓடும் சத்தம். படம் அவர் கட்டிலுக்கு நேரெதிரே நின்றது. பார்த்துக்கொள்கிறேன் என்று அவரே தன் எதிரில் வைக்கச் சொல்லியிருக்கிறார்.

"விடியுறப்ப வந்தா" என்றார் தாழ்ந்த குரலில். "கையில புருவப் பென்சில். நான் தூங்கற மாதிரி கெடந்தேன்."

"சத்தம் போட்டுத் தடுக்க வேண்டியதுதானே?"

"நான் எதுக்குத் தடுக்கணும்? கிட்டப் போனா. மூக்கு ஒட்டுற அளவுக்குப் போனா. ரொம்ப நேரம் நின்னா. அப்புறம் போய்ப் புருவம் எழுதிக்கிட்டு வந்துட்டா."

முதலில் நான் பார்த்தது படத்தின் கீழ் மூலையை. பெட்டிக்காரர் வரவில்லை. அவர் வழக்கமாக நிற்கும் இடத்தில், தடியான பிரஷ்ஷால், ஸ்கேல் அம்மாவின் முழுப்பெயர் இருந்தது. எழுத்துகள் கொஞ்சம் மேலும் கீழுமாக ஏறி இறங்கின. மஞ்சள் நூலை யாரும் தொடவில்லை.

சமையலறையிலிருந்து அவர் வந்தார். இஸ்திரி போட்ட புடவை, எழுதிய புருவம். "சிரிப்பாங்களாக்கா?" என்றார்.

"தெரியாது. நேரமாச்சு, பிடிங்க" என்றேன். பலகையைப் பழைய படுக்கை விரிப்பில் சுற்றி, நாலு பக்கமும் கயிறு போட்டு, தூக்கிப் போக மேலே ஒரு பிடி வைத்துக் கொடுத்தேன். கீழ்வீட்டுக்காரரின் வண்டியில் அனுப்பலாமா என்று டிரைவர் கேட்டார். "தெருக்கோடிதானேங்க, நடந்தே போயிர்றேன்" என்று சொல்லிவிட்டு வலது கையால் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

"என்னத் திருப்புங்க, சீக்கிரம்" என்றார் டிரைவர். முதுகுக்குத் தலையணை கொடுத்து, ஜன்னலைப் பார்க்க உட்கார வைத்தேன். கண்ணாடியை வைப்பரால் ஒருமுறை இழுத்துவிட்டேன். ரப்பர் ஓரத்தில் நீலம் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

தெரு காலியாகத்தான் இருந்தது. மேலிருந்து பார்த்தபோது ஸ்கேல் அம்மா மிகச் சின்னதாகத் தெரிந்தார். முகம் தெரியவில்லை. ஒரே சீராக நடந்து போனார். எங்கேயும் நிற்கவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. மண்டபம் அவ்வளவு உயரமான கட்டடம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. படிகளில் ஏறி, மூடியிருந்த பெரிய கதவின் முன்னால் போனதும் ஒரு கணம் தயங்கினார். டிரைவரின் நல்ல கை ஜன்னல் கம்பியைப் பிடித்தது.

அவர் படத்தை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டு, கதவைத் திறந்தார்.