கழுவிக் கவிழ்த்த டம்ளர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் தொடரில் வந்த சித்தி கொலை செய்யவில்லை. கடைசி வாரத்தில் அவளே அழுதுகொண்டு ஒப்புக்கொண்டாள், பெண் இன்ஸ்பெக்டர் விலங்கு மாட்டினாள், எல்லாவற்றையும் நானும்தான் பார்த்தேன். இருந்தாலும் சொல்கிறேன், செய்யவில்லை. கதை எழுதியவருக்குக் கைக்கு எட்டிய ஆள் அவள், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாரம் ஒரு பகுதியாக வந்த துப்பறியும் தொடர் அது. நானும் மகளும் சிங்கப்பூரின் வடக்கே மார்சிலிங்கில் ரயிலேறி, ஜூரோங் ஈஸ்ட்டில் மாறி, கிளமெண்டியில் என் கணவரின் அண்ணன் வீட்டுக்குப் போய்த்தான் பார்ப்போம். ஞாயிறு என்றால் அண்ணன் வீடு என்பது என் கணவர் வைத்த பழக்கம். அவர் போன பிறகு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் புருஷன் போனதும் ஒதுங்கிவிட்டாள் என்று ஒரு பேச்சு கிளம்பும், அதற்கு இடம் கொடுக்க எனக்கு மனமில்லை. வடையோ சுண்டலோ கையில் எடுத்துக்கொண்டு வாரம் தவறாமல் போனேன்.

மகள் என்றேன். அவள் என் கணவரின் முதல் மனைவி பெற்ற பெண். அவள் தொடக்கப்பள்ளியில் இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது நான் அந்த வீட்டுக்குள் வந்தேன். என்னைச் சித்தி என்றுதான் கூப்பிடுவாள். அம்மா என்று கூப்பிடச் சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவளுக்கு ஒரு அம்மா இருந்தார், அவர் படம் எங்கள் ஹாலில் இருக்கிறது, அதற்குப் பூ போடுவது நான்தான். தொடர் வந்த சமயத்தில் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

தொடரின் எல்லாப் பகுதிகளும் போனில் முன்கூட்டியே கிடைத்தன. ஆனால் மூத்தார், அதாவது என் கணவரின் அண்ணன், ஒரு சட்டம் போட்டிருந்தார். யாரும் முன்னாடி பார்க்கக் கூடாது. பார்த்தால் உட்கார்ந்து துப்பறிகிற சுகம் போய்விடுமாம்.

கதை இதுதான். ஓய்வுபெற்ற கப்பல் கேப்டன் ஒருவர் படுக்கப் போகுமுன் பால் குடிக்கிறார், காலையில் எழுந்திருக்கவில்லை. பாலில் விஷம். அப்பாவோடு சண்டை போட்டுப் பிரிந்த மகன், வியாபாரக் கூட்டாளி, இரண்டாவது மனைவி, இந்த மூன்று பேர்மேல் சந்தேகம். பாலைக் கொடுத்தவள் அந்த இரண்டாவது மனைவி. அவர் குடித்து முடித்ததும் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தவளும் அவள்தான்.

மூத்தாருக்குக் கூட்டாளிமேல்தான் கண். "தாடி வச்சிருக்கான் பாரு, முகத்திலேயே தெரியுது" என்றார். அடுத்த வாரம் மகன் என்றார், அதற்கடுத்த வாரம் மறுபடியும் தாடிக்காரன். அவர் மனைவி, என் ஓரகத்தி, முதல் வாரத்திலேயே முடிவுகட்டிவிட்டார்.

"ரெண்டாவதா வந்தவதான். டம்ளரை எதுக்கு உடனே கழுவணும்?"

வாயை மூடிக்கொண்டு இருக்கிற பிறவி நான் இல்லை. "பால் டம்ளரைக் கழுவாம வச்சா எறும்பு வரும்க்கா. நீங்க கழுவ மாட்டீங்களா?"

"நான் காலையிலதான் கழுவுவேன்."

"அதான் உங்க வீட்டுல இவ்வளவு எறும்பு."

மூத்தார் சிரித்தார். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை வடையோடு சேர்த்து விழுங்கிக்கொண்டார்.

இப்படியே போயிருந்தால் வெறும் டிவிச் சண்டைதான். நாலாவது வாரம் விளம்பரம் ஓடும் நேரத்தில் ஓரகத்தி தட்டை நீட்டிக்கொண்டே பேச்சை மாற்றினார். "தாரைக்கு நானும் உங்க அத்தானும் உக்காந்துக்கறோம். அதுதானே முறை? நீ முன்வரிசையில வசதியா உக்காந்து பாரு."

தாரை வார்ப்பது பெண்ணைப் பெற்றவர்களின் வேலை. பெண்ணின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்து, மேலே நீர் ஊற்றி, இனி இவள் உன் பொறுப்பு என்று ஒப்படைப்பது. எங்கள் வழக்கத்தில் சொம்பு நீரோடு கொஞ்சம் பாலும் சேர்ப்போம். கணவனை இழந்தவள் அந்தச் சொம்பைத் தொடக் கூடாது என்பார்கள். அந்தப் பெண்ணுக்குத் தலைவாரி விட்டது, அம்மை போட்டபோது பக்கத்தில் கிடந்தது, கணக்குப் பாடத்துக்கு அடிதடியாகச் சண்டை போட்டது எல்லாம் நான். ஒப்படைக்க மட்டும் வேறு ஆள்.

மகளைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்து போனைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். விளம்பரம் முடிந்துவிட்டது. நான் டிவி பக்கம் திரும்பினேன். அன்றைக்கு அந்தச் சித்திக்காக நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுச் சீனக் கிழவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

அடுத்த சனிக்கிழமை தேக்கா கடைத்தெருவில் என் தோழியின் சேலைக்கடைக்குப் போனேன். தமிழ் முஸ்லிம் குடும்பம், பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். அவளும் தொடரைப் பார்க்கிறவள்.

"கூட்டாளிதான்லா செஞ்சிருப்பான்" என்றபடி சேலைகளைப் பிரித்துப் போட்டாள். "தாரைக்கு நீ எதைக் கட்டப் போற?"

"நான் உக்காந்து பாக்கத்தானே போறேன். ஏதாவது குடு."

விரித்த சேலையை அப்படியே விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "பிள்ளைகிட்ட கேட்டியா?"

"கேக்க மாட்டேன். கேட்டு வாங்கினா அது பிச்சை."

"உனக்காக ஒரு வார்த்தை கேக்க மாட்ட. டிவியில இருக்கிறவளுக்காக மட்டும் தொண்டை கிழியக் கத்துவியா?"

"அவளுக்குப் பேச ஆள் இல்லை" என்றேன்.

அவள் அரக்கு நிறத்தில் அகல ஜரிகை போட்ட பட்டு ஒன்றை எடுத்துப் பையில் திணித்தாள். "இதைக் கட்டு. எங்க உக்காந்தாலும் நீ இருக்கிறது தெரியணும்."

கடைசி வாரம் வந்தது. இன்ஸ்பெக்டர் எல்லாரையும் கேப்டன் வீட்டு ஹாலில் நிற்க வைத்து, கடைசியில் சித்தியின் முன்னால் போய் நின்றாள். அவள் அழுதாள், ஒப்புக்கொண்டாள். எனக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஓரகத்தி கைதட்டினார்.

"நான் முதல் வாரமே சொன்னேன்ல? மனுஷன் சாகப்போற நேரத்துல எவளாவது பாத்திரம் கழுவுவாளா? அதுலேயே தெரிஞ்சுபோச்சு."

அது யாருக்குப் போட்ட கல் என்று எல்லாருக்கும் தெரியும். என் கணவர் ஒருநாள் காலையில் கோப்பி குடித்துவிட்டு எழுந்தவர், ஹாலில் விழுந்துவிட்டார். அன்று நான் சமையலறையில் கப்பைக் கழுவிக்கொண்டு நின்றதைப் பக்கத்து வீட்டுப் பெண் பார்த்தாள். சாவு வீட்டிலேயே அது ஓரகத்தியின் காதுக்குப் போய், அவர் வாயிலிருந்து சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் போய், சுற்றி என்னிடமே வந்து சேர்ந்தது. மூன்று வருடமாக அதை யாரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை.

"நான் கழுவினேன்" என்றேன்.

"அய்யோ, நான் உன்னைச் சொல்லல."

"என்னைத்தான் சொன்னீங்க. நான் கழுவினேன்க்கா. உங்க கொழுந்தன் ஹால்ல கிடந்தாரு. ஆம்புலன்ஸ்காரங்க நெஞ்சை அமுக்கிட்டு இருந்தாங்க, என்னைத் தள்ளி நிக்கச் சொன்னாங்க. தள்ளி நின்னேன், ஆனா என் கை சும்மா நிக்கல. திரும்பி வந்தா கோப்பி கேப்பாரேன்னு அவர் கப்பைக் கழுவி வச்சேன். அதுக்கு நான் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. டிவியில அவ கொன்னாளா? கொன்னுட்டுப் போகட்டும். அதுக்கு நான் ஏன் முன்வரிசையில உக்காரணும்?"

மூத்தார் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். கேட்க மாட்டேன் என்று இருந்தவள் கேட்டே விட்டேன் என்பது வாயைவிட்டு வந்தபிறகுதான் உறைத்தது. போகட்டும், கேட்டது கேட்டதுதான்.

அப்போது மகள் பேசினாள். "பெரியம்மா, தாரை சித்திதான் வார்க்கறாங்க. ஐயர்கிட்ட பேசிட்டேன், ஓகேன்னுட்டாரு."

"எப்ப பேசின?" என்றார் ஓரகத்தி.

"நாலாவது வாரம். நீங்க முன்வரிசைன்னு சொன்ன அன்னிக்கே வீட்டுக்குப் போய் மிச்சக் கதை முழுசையும் போன்ல பாத்துட்டேன். அதுல வர்ற சித்திதான் கொலைகாரின்னு முடிச்சிருந்தாங்க. கடைசி வாரம் நீங்க என்ன பேசுவீங்கன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. மறுநாளே ஐயருக்கு போன் பண்ணிட்டேன்."

மூத்தாருக்கு வேறு கவலை. "அப்ப நான் தாடிக்காரன், தாடிக்காரன்னு சொன்னப்பெல்லாம் உனக்குத் தெரியுமா?"

"தெரியும் பெரியப்பா."

"சபையில நாலு பேரு என்ன சொல்லுவாங்க?" என்றார் ஓரகத்தி.

"சொல்லட்டும்" என்றாள் மகள், சாதாரணமாக, சுண்டல் தட்டை எடுத்துக்கொண்டே.

ரயிலில் அவளைப் பிடித்துக்கொண்டேன். "ஏன்டி எங்கிட்ட சொல்லல? வாராவாரம் பைத்தியக்காரி மாதிரி கத்திட்டு இருந்தேனே."

"நீங்க டிவியில அந்தச் சித்தியை விட்டுக்குடுக்காம கத்தினது எனக்குப் பிடிச்சிருந்துச்சு சித்தி. நிறுத்த மனசு வரல."

கிராஞ்சி வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். இறங்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இருந்தாலும் அவ செய்யல" என்றேன்.

"சரி சித்தி, செய்யல" என்றாள்.

கல்யாணத்தன்று அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு மணவறையில் உட்கார்ந்தேன். அவள் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் வைத்தேன், ஐயர் மந்திரம் சொல்லச் சொல்லச் சொம்பைச் சரித்து ஊற்றினேன். முன்வரிசையில் ஓரகத்தி உட்கார்ந்திருந்தார், அவருக்குப் பக்கத்தில் யார் யாரோ குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

தாலி கட்டி முடிந்து மேளம் ஓய்ந்ததும் சொம்பை எடுத்துக்கொண்டு மணவறையிலிருந்து இறங்கினேன். மண்டபத்தின் ஓரத்தில், எல்லாருடைய கண்ணிலும் படுகிற இடத்தில், ஒரு குழாய் இருந்தது. முந்தானையைச் செருகிக்கொண்டு அதில் சொம்பை நன்றாகக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். பால் இருந்த பாத்திரம், வைத்தால் எறும்பு வரும்.