கடச்சக்கை மரத்துக் கோழிகள்

அந்த வருஷம் அத்தா கோழிகளுக்கு ஒரு கூடு கட்டினார். எங்கள் கோழிகளில் ஒன்றுக்குக்கூட அது பிடிக்கவில்லை. மழைக்காலம் முழுவதும் அந்தி நேரத்தில் எங்கள் வீட்டில் யாருக்கும் உட்கார நேரமில்லாமல் போனதற்கு அது மட்டும்தான் காரணம் என்று நான் நினைத்திருந்தேன்.

கொச்சி மட்டாஞ்சேரியில், கொச்சங்காடிப் பக்கம், சுக்குக் கிடங்குகளுக்குப் பின்னால் எங்கள் வீடு. உள்ளே தமிழ், படியிறங்கினால் மலையாளம். அத்தா ஒரு கிடங்கில் சுக்கைத் தரம் பார்த்து மூட்டை கட்டுகிறவர். கொல்லையில் ஒரு கடச்சக்கை மரம் நின்றது. சீமைப்பலா என்று ஊர்ப்பக்கம் சொல்வார்கள். எங்கள் கோழிகள் பகலெல்லாம் தெருவைக் கிளறிவிட்டு, வெளிச்சம் மங்கியதும் அந்த மரத்தில் ஏறிவிடும். மழைக்காலத்தில் மரப்பட்டி என்கிற மரநாய் வரும் என்பதால் அத்தா லுங்கியை மடித்துக் கட்டி மரமேறி, ஒவ்வொன்றாக இறக்கிப் பஞ்சாரத்தைக் கவிழ்த்து மூடுவார். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அது அப்படித்தான் நடந்துவந்தது.

திடீரென்று அத்தாவுக்கு அது பிடிக்காமல் போயிற்று. கோழிகள் தாமாகவே வந்து அடைய வேண்டும் என்றார். கிடங்கிலிருந்து பழைய பெட்டிப் பலகைகளைக் கொண்டுவந்து, நான்கு கால் வைத்து, உள்ளே மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு கொம்புகள் பொருத்தி, ஏறுவதற்குச் சிறிய ஏணியும் சாய்த்துவைத்தார். கூடு அழகாகத்தான் இருந்தது. கோழிகள் அதைச் சுற்றி நடந்து பார்த்தன. கழுத்தைச் சாய்த்துப் பார்த்தன. பிறகு மரத்தில் ஏறிக்கொண்டன.

அன்றிலிருந்து ஓட்டம் தொடங்கியது. அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு சொல்வதற்குள் கோழிகளை அடைத்தாக வேண்டும். அத்தா ஒரு பக்கம் கையை விரித்துக்கொண்டு வருவார், நான் மறுபக்கம். மழை பெய்து கொல்லை சேறாகிக் கிடக்கும். சிலவற்றைப் பிடித்து உள்ளே விட்டால் கதவு வழியே அவையே முதலில் வெளியே வரும். அம்மா அடுக்களை வாசலில் நின்று பார்ப்பாள். வயிற்றில் தம்பியோ தங்கையோ இருந்ததால் அவளால் குனியவோ ஓடவோ முடியாது. அத்தா அவளைப் பார்ப்பார், கோழிகளைப் பார்ப்பார், மறுபடியும் ஓடுவார்.

அம்மாவின் தம்பி, என் மாமு, அப்போதெல்லாம் அடிக்கடி வந்துபோனார். அத்தாவும் அவரும் கிணற்றடியில் நின்று தணிந்த குரலில் பேசுவார்கள். நான் கிட்டப் போனால் பேச்சு கோழிக்கு மாறிவிடும். எல்லாவற்றையும் அறுத்து விருந்து வைத்துவிடலாமே என்று மாமு சிரிப்பார். அத்தா சிரிக்க மாட்டார்.

கோழிகள் உள்ளே போவதும் உடனே வெளியே வருவதும் ஏன் என்று கண்டுபிடிக்க அத்தாவுக்கு ஒரு வழி தோன்றியது. யாராவது உள்ளே இருந்து பார்க்க வேண்டும். எனக்கு ஒன்பது வயது, வயதுக்கேற்ற வளர்த்தியும் கிடையாது.

“ஒரு மூலையில அசங்காம இரு மோளே,” என்று சொல்லி என்னைக் கூட்டுக்குள் ஏற்றிவிட்டு, ஏணியில் நொய்யரிசி தூவினார். அம்மா வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

முதலில் வந்தது கறுப்பி, எங்கள் கறுப்புக் கோழி. என்னை ஒரு கண்ணால் பார்த்துவிட்டு மேல்கொம்பில் நட்டநடுவே போய் உட்கார்ந்தது. பின்னால் வந்த சாம்பல் கோழி பக்கத்தில் இடம் கேட்டது. கறுப்பி அதன் தலையில் ஒரு கொத்து வைத்தது. சாம்பல் கோழி கீழ்க்கொம்பில் விழ, அதற்குள் அங்கே ஏறியிருந்த வெள்ளைக் கோழி என் மடியில் விழுந்தது. கறுப்பி மேலே இருந்தபடி எச்சமிட்டது. அதில் கோழிகளுக்கு விழுந்தது பாதி, எனக்கு விழுந்தது பாதி. பலகையில் ஒட்டியிருந்த சுக்குத்தூள் மூக்கில் ஏறி நான் தும்மினேன். அடுத்த கணம் கூட்டில் நான் மட்டும்தான் இருந்தேன்.

வெளியே வந்து நான் சொன்னதையெல்லாம் அத்தா கிடங்கு முதலாளி பேச்சைக் கேட்பதுபோல் கவனமாகக் கேட்டார். மேல்கொம்பு எல்லாருக்கும் வேண்டியிருக்கிறது, ஆனால் கறுப்பி விடுவதில்லை. அன்றைக்கே இரண்டு கொம்புகளையும் கழற்றி ஒரே உயரத்தில் அடித்தார். மறுநாள் அந்தியில் ஒன்றிரண்டு கோழிகள் தாமாகவே ஏறின. நான் கைதட்டப் போனேன். ஆனால் கறுப்பி மரத்துக்குப் போயிற்று. அது போனதைக் கண்டு உள்ளே இருந்தவையும் இறங்கிப் போயின. மழை வலுத்துவிட்டது. மரம் வழுக்கியது. அன்று அத்தாவால் ஏற முடியவில்லை.

காலையில் மரத்தடியில் வெள்ளை இறகுகள் கிடந்தன. மரப்பட்டிதான், வேறொன்றும் அல்ல என்று அடுத்த வீட்டுச் சேச்சி மதிலுக்கு மேலே தலையை நீட்டிச் சொன்னாள். அத்தா சாயாகூடக் குடிக்காமல் இறகுகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஒரு கோழிதானேங்க போச்சு. அதுக்குப் போய் இப்படி நிக்கறீங்க,” என்றாள் அம்மா.

“கோழி போனா போகட்டும். ராத்திரி சத்தம் கேட்டா நீதானே இந்த வயித்தோட வெளிய இறங்குவே,” என்றார் அத்தா.

அத்தா இருக்கும்போது அம்மா எதற்கு இறங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் பள்ளிக்கூட மணி அடித்துவிட்டதால் கேட்காமல் ஓடினேன்.

அதற்கப்புறம் அத்தா கோழிகளைப் பகலிலும் கூட்டைவிட்டு வெளியே விடவில்லை. தீனியும் தண்ணீரும் உள்ளேயே. அவை போட்ட கூச்சலில் தெருவே எரிச்சலுற்றது. வண்டிக்காரர்கள் வாசலில் நின்று என்னவென்று விசாரித்தார்கள். அத்தா கிடங்கிலிருந்து நடுவில் ஒருமுறை ஓடிவந்து பார்த்துவிட்டுப் போவார். ராத்திரி படுத்தவர் எழுந்து நடப்பது எனக்குத் தூக்கத்தில் கேட்கும். கோழிகளும் உறங்கவில்லை, அத்தாவும் உறங்கவில்லை.

கடைசியில் ஒரு நாள் காலையில் கதவைத் திறந்துவிட்டார். கோழிகள் சிறகடித்துத் தெருவுக்கு ஓடின. அன்று மாலை அத்தா எங்களைக் கொல்லைக்கு இறங்கவே விடவில்லை. மூன்று பேரும் அடுக்களை வாசலில் நின்றோம். மழை விட்டிருந்தது. படகுத்துறையிலிருந்து ஒரு மோட்டார் படகின் சத்தம் கேட்டு அடங்கியது. சாம்பல் கோழி வந்தது, ஏணியில் ஏறியது. மற்றவை பின்தொடர்ந்தன. கறுப்பி மட்டும் மரத்தடியில் நின்று மேலே பார்த்தது. அத்தா என் தோளை அழுத்திப் பிடித்திருந்தார். எனக்கு வலித்தது, ஆனாலும் சொல்லவில்லை. கறுப்பி நிதானமாக நடந்துவந்து, ஏணியேறி உள்ளே போனது.

“நீ போய்ச் சாத்து,” என்றார் அத்தா, அம்மாவிடம்.

அம்மா போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். ஓட வேண்டியிருக்கவில்லை, குனிய வேண்டியிருக்கவில்லை. ஆனால் அவள் உடனே திரும்பி வரவில்லை. தாழ்ப்பாளில் கைவைத்து, எங்களுக்கு முதுகு காட்டியபடி அப்படியே நின்றாள். நான்தான் குதித்தேன். சேச்சி வீட்டுக்கு ஓடி, எல்லாம் அடைந்துவிட்டன என்று கத்தினேன். திரும்பி வந்தபோது அம்மாவும் அத்தாவும் விளக்கேற்றாமல் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். இவ்வளவு பாடுபட்டு நினைத்தது நடந்த பிறகு இவர்களுக்கு ஏன் சந்தோஷம் இல்லை என்று எனக்குக் கோபம் வந்தது.

அந்த வாரம் முடிவதற்குள் அத்தா வளைகுடா வேலைக்கு, எங்கள் பக்கத்துப் பேச்சில் பேர்ஷியாவுக்கு, புறப்பட்டார். பம்பாய் போய் அங்கிருந்து கப்பல். மாமு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலடிவரை கூடப் போனார். பயணம் முடிவாகி மாதங்கள் ஆகியிருந்தன என்பதும், வீட்டில் அது தெரியாதவள் நான் ஒருத்தி மட்டுமே என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

எனக்குத் தெரிந்தது வேறு. கோழிகள் மரத்தில் இருந்தவரை அத்தா வீட்டில் இருந்தார். கூட்டில் அடைந்தன, அவர் போய்விட்டார்.

அத்தா போன அன்று அந்தியில் கோழிகள் வரிசையாக வந்து, யாரும் விரட்டாமலேயே ஏணியேறி உள்ளே போயின. நான் ஒரு விறகுக்குச்சியை எடுத்துக் கூட்டுக்குள் விட்டுத் துழாவினேன். அலறிக்கொண்டு எல்லாம் வெளியே விழுந்தன. மரத்தைக் காட்டி விரட்டினேன். கறுப்பியைத் தூக்கி, என் உயரத்துக்கு எட்டிய கிளையில் வைத்தேன். அது கீழே குதித்து, என்னைச் சுற்றிக்கொண்டு கூட்டை நோக்கி நடந்தது. மறுபடியும் தூக்கி வைத்தேன். மறுபடியும் குதித்தது.

அம்மா அடுக்களை வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அடிக்க வருவாள் என்று காத்திருந்தேன். அவள் மெல்ல வந்து, குச்சியை என் கையிலிருந்து வாங்கிக் கீழே போட்டாள். கோழிகள் ஒவ்வொன்றாக உள்ளே ஏறி முடித்தன. கறுப்பியும் ஏறியது. மற்ற நாட்களில் உடனே தாழ் போட்டவள் அன்று கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு, அத்தா ஏறி இறங்கிய மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். இருட்டிய பிறகும் சாத்தவில்லை. அதுதான் எல்லாம் உள்ளே போய்விட்டனவே, இன்னும் எதற்காகக் காத்திருக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.